சிலிக்கோன் தோல் கிழிந்தால்... கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் பசை

முதலிலேயே சொல்லிடறேன். இந்தப் பதிவில் வயது வந்தோருக்கான பொம்மைகள் பற்றி வரும். படம் எதுவும் கிடையாது, எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே கிளம்பிடலாம் :-) மத்தவங்க பயப்படாமல் உள்ளே வாங்க. விஷயம் ஒரு விரலில் ஆரம்பிக்குது.

எங்க தெருவில் ஒரு அண்ணாச்சி இருக்கார். 1980களின் கடைசியில் பட்டாசு ஆபீஸில் மருந்து செலுத்துற வேலை பார்த்தவர். (சிவகாசிக்காரங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மத்தவங்களுக்கு: எங்க ஊரில் ஃபேக்டரியையே ஆபீஸ்னுதான் சொல்லுவோம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். வெளியூர் சம்பந்தி வீட்டுக்காரங்க 'மாப்பிள்ளை ஆபீஸ் வேலையா'ன்னு ஏமாந்த கதையெல்லாம் உண்டு.) ஒரு மத்தியானம் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயிடுச்சு. உயிர் பிழைச்சதே பெரிசுன்னு ஊர் சொன்னது. அவரும் சின்னதா ஒரு பெட்டிக்கடை வெச்சு, இடது கையால் சில்லறை எண்ணப் பழகிட்டார்.

சில வருஷத்துக்கு முன்னால் மகன் தலையெடுத்ததும் வெளியூர் கூட்டிப் போய் அப்பாவுக்குச் சிலிக்கோனில் ரெண்டு விரல் செஞ்சு போட்டான். நகம், மடிப்பு, ரேகை, பச்சை நரம்பு எல்லாம் இருக்கும். அடிப்பாகத்தில் ஒட்டு தெரியாம இருக்க ஒரு மோதிரம். மடங்காது, பிடிக்காது. ஆனா அண்ணாச்சி அதுக்கு அப்புறம்தான் கல்யாண வீட்டில் வலது கையை மேல் துண்டுக்குள்ளே மறைக்கிறதை நிறுத்தினார். அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

மகள் கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது ஆள்காட்டி விரல் கிழிஞ்சிடுச்சு. மாட்டும்போது விளிம்பைப் பிடிச்சு இழுப்பாங்க இல்லையா, அந்த மெல்லிசான விளிம்பில் ஆரம்பிச்சு, பக்கவாட்டில் ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம் கம்மியா மேலே ஏறியிருந்தது. அவராகவே சூப்பர் குளூ போட்டுப் பார்த்திருக்கார். அது வெள்ளையாப் பொருக்குத் தட்டி, பொருக்கு விரல் அசைய அசைய சிலிக்கோனை இன்னும் அறுத்துவிட்டது. செஞ்ச இடத்தில் கேட்டால் 'ஒட்ட முடியாது, புதுசு செஞ்சுக்கோங்க, ரெண்டு மாசம் ஆகும்'ன்னு பதில்.

'தம்பி, நீதான் எந்நேரமும் கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டு இருக்கியே, இதுக்கு ஏதும் வழி இருக்கான்னு பாரேன்'னு வந்தார். மருமகன் கையைப் பிடிச்சுக் கொடுக்கணும், மொய் நோட்டுப் பக்கம் நிக்கணும், நாலு பேரைக் கும்பிட்டு வாங்கன்னு சொல்லணும். எல்லாம் வலது கை வேலை.

தேடினேன். செயற்கை உறுப்பு பற்றிய மருத்துவப் புத்தகங்களில் அச்சு எடுப்பது எப்படி, நிறம் கலப்பது எப்படின்னு பக்கம் பக்கமா இருக்கு. கிழிஞ்சா என்ன செய்றதுன்னு கேட்டால் 'சில வருடங்களில் மாற்ற வேண்டியிருக்கும்' என்று ஒரு வரியில் முடிச்சிடறாங்க. சிலிக்கோன் தோலில் கிழிசலை எப்படி மூடுவது என்று அங்குலம் அங்குலமாக யோசிச்சு, சோதிச்சு, தப்பு செஞ்சு, திருத்தி வெச்சிருக்கிற கூட்டம் ஒண்ணே ஒண்ணுதான். ஆளுயர சிலிக்கோன் பொம்மை வெச்சிருக்கிறவங்க.

யோசிச்சா காரணம் புரியுது. அந்தப் பொம்மை லட்சக்கணக்கில் விலை. நாற்பது, ஐம்பது கிலோ எடை. கிழிஞ்சால் கடைக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. பக்கத்து வீட்டுக்காரனை 'ஒரு கை பிடிங்க'ன்னு கூப்பிடவும் முடியாது. வெட்கம் அவங்களை வீட்டுக்குள்ளேயே வைத்தியர் ஆக்கிடுச்சு. அவங்க எழுதி வெச்ச குறிப்பை ராத்திரி கதவைச் சாத்திட்டு நான் படிச்சேன். அதிலிருந்து தொடங்கி, இந்தத் தோல் எங்கேயிருந்து வந்ததுன்னு தேடிப் போனதுதான் இந்தப் பதிவு.

முதலில் தோலே இல்லாத காலம். 1504ல் ஜெர்மனியில் லான்ட்ஸ்ஹூட் முற்றுகையில் கோட்ஸ் ஃபான் பெர்லிஷிங்கன் என்கிற வீரனின் வலது கை பீரங்கி அடியில் போனது. இரும்பில் ஒரு கை செய்து மாட்டிக்கொண்டான். விரல்கள் உள்ளே சக்கரமும் வில்லுமாக மடங்கும். வாளையோ கடிவாளத்தையோ பிடிக்கும். பிற்பாடு கதே அவனை வைத்து நாடகமே எழுதினார். வெடிமருந்து எடுத்த கைக்குப் பதில் கை என்பது அப்போதே ஆரம்பிச்ச கதை. ஆனால் இரும்புக்குக் கிழிசல் பிரச்சினை கிடையாது. மனுசத் தோல் மாதிரியே இருக்கணும் என்று ஆசைப்பட்ட நாளில்தான் கிழிசலும் வந்தது.

அப்படி ஆசைப்பட்டவர்களில் பேர் போனவர் ஆஸ்கர் கோகோஷ்கா. ஆஸ்திரிய ஓவியர். ஆல்மா மாலர் அவரை விட்டுப் பிரிந்த பிறகு, 1918ல் மியூனிக்கில் இருந்த ஹெர்மினே மோஸ் என்ற பொம்மை செய்யும் பெண்ணிடம் ஆல்மாவைப் போலவே ஆளுயரப் பொம்மை கேட்டார். தோல் தொட்டால் எப்படி இருக்கணும் என்று கடிதம் கடிதமா எழுதினார். 1919ல் பொம்மை வந்தது. பெட்டியைத் திறந்தவருக்கு ஏமாற்றம். தோல் இருக்கவேண்டிய இடத்தில் இறகும் ரோமமுமாக ஏதோ ஒரு மிருகம் போல இருந்தது. அதை வைத்து ஓவியங்கள் வரைந்தார், கடைசியில் ஒரு விருந்தில் தலையை வெட்டி, சிவப்பு ஒயினை ஊற்றி முடித்துவிட்டார். தோட்டத்தில் பிணம் கிடக்கிறது என்று போலீஸ் வந்தது தனிக் கூத்து. அந்தப் பெண் பாவம், 1918ல் கையில் கிடைத்த பொருளை வைத்து அவ்வளவுதான் செய்திருக்க முடியும். மனுசத் தோலுக்குப் பக்கத்தில் வரும் பொருள் உலகத்திலேயே அப்போது இல்லை.

(ஹிட்லர் தன் சிப்பாய்களுக்காகப் பொம்மை செய்யச் சொன்னான் என்று ஒரு கதை உலா வரும். ஆதாரம் கிடையாது, யாரோ விட்ட புருடா என்றுதான் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நம்பி ஃபார்வர்ட் செய்யாதீங்க.)

நம்ம வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் பார்பிக்கே முன்னோடி ஒரு பெரியவங்க சமாச்சாரம்தான் என்பது பல பேருக்குத் தெரியாது. ஜெர்மனியில் பில்ட் பத்திரிகையில் லில்லி என்ற ஒரு துடுக்கான பெண்ணின் கார்ட்டூன் வந்துகொண்டிருந்தது. 1955ல் அவளைப் பொம்மையாக்கினார்கள். ஆம்பிளைகள் ஒருத்தருக்கொருத்தர் கேலியாகப் பரிசு கொடுத்துக்கொள்ள வாங்கினார்கள். ஐரோப்பாவுக்குச் சுற்றுலா வந்த அமெரிக்காவின் ரூத் ஹேண்ட்லர் அதைப் பார்த்து வாங்கிப் போனார். 1959ல் பார்பி பிறந்தாள். எந்தப் பொம்மை யார் கைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று சொல்லவே முடியாது.

ஜப்பானுக்கு வருவோம். எங்க ஊரை நேரு 'குட்டி ஜப்பான்' என்று சொன்னதாகச் சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு பெருமை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததில் தொடங்கியது அந்தப் பேர். அசல் ஜப்பான்காரர்கள் 1957ல் அண்டார்டிகாவில் முதல் முறையாகக் குளிர்காலத்தைக் கழித்தபோது, மூட்டையில் ஒரு பொம்மையும் இருந்தது. 'பெந்தென் சான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். யாரும் பக்கத்திலேயே போகவில்லை என்கிறார்கள். நம்புவோம்.

டோக்கியோவில் 1977ல் ஹிதேயோ சுசியா என்பவர் ஓரியண்ட் இண்டஸ்ட்ரி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வெறும் சல்லாபச் சரக்கு என்று நினைத்துத்தான் நானும் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் உடல் ஊனமுற்றவர்கள், மனைவியை இழந்த வயசானவர்கள் என்று இவர்களையும் மனசில் வைத்துத்தான் அந்த நிறுவனம் ஆரம்பித்தது. பொம்மை விற்றால் 'மகளைக் கட்டிக்கொடுக்கிறோம்' என்பார்கள். வேண்டாம் என்று திரும்பி வந்தால் 'தாய்வீடு திரும்புகிறாள்' என்பார்கள். குப்பையில் போடுவது கிடையாது.

இது நமக்கும் புரியக்கூடிய மனசுதான். கொலுப் பொம்மையில் மூக்கு உடைந்தால் யாரும் உடனே தூக்கிப் போடுவதில்லை. விளாச்சேரியில் வாங்கிய மண் பொம்மையைப் பாட்டி சாக்பீஸ் தூளைக் குழைத்து அப்பி, காய்ந்ததும் பெயிண்ட் தொட்டு, அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படியில் வைத்துவிடுவார். மண்ணும் சாக்பீஸும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அந்தச் சௌகரியம் சிலிக்கோனுக்குக் கிடையாது, அதான் வில்லங்கம்.

ஓரியண்டின் முதல் பொம்மைகள் வினைலும் காற்றுப் பையுமாக இருந்தன. எடை தாங்காமல் பிய்ந்தன. 1982ல் முழு உடம்பும் லேட்டக்ஸ், அதாவது ரப்பர் பால். அது வருடங்கள் போகப்போக வெடித்து, நிறம் மாறியது. 2001ல்தான் சிலிக்கோனுக்கு வந்தார்கள். அதற்கு முன்னாலேயே அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மேட் மெக்மலன் என்ற சிற்பி, 1990களின் நடுவில், சிலிக்கோனில் ஆளுயரப் பொம்மை செய்து ரியல்டால் என்று விற்க ஆரம்பித்துவிட்டார். அவர் முன்னால் ஹாலோவீன் முகமூடி செய்கிற இடத்தில் வேலை பார்த்தவர். சும்மா ஒரு சிலையாகத்தான் செய்து படம் போட்டாராம். 'விற்பீங்களா, எல்லா உறுப்பும் இருக்குமா'ன்னு கேட்டு ஆட்கள் வந்தபிறகு தொழில் மாறிவிட்டது.

இனி சிலிக்கோன். (சிலிக்கான் வேறே, சிலிக்கோன் வேறே. முன்னது மணலில் இருக்கிற தனிமம், கம்ப்யூட்டர் சில்லு செய்வது. பின்னது அதிலிருந்து வரும் ரப்பர், எண்ணெய் வகையறா.) இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் ஃபிரெடரிக் கிப்பிங் என்ற வேதியியல் பேராசிரியர் 1900ஐ ஒட்டிய காலத்திலிருந்து நாற்பது வருடம் போல இதிலேயே கிடந்தார். பேர் வைத்தவரும் அவர்தான். குடுவை அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் பிசின் மாதிரிச் சனியனாகத்தான் அதைப் பார்த்தார். 1936ல் ஓய்வு பெறும்போதும் இதிலிருந்து பெரிசா ஏதும் உபயோகம் வரும் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை. நாலே வருடம் கழித்து, 1940ல், ஜெனரல் எலக்ட்ரிக்கில் யூஜீன் ரோக்கோ சிலிக்கானைத் தாமிரத்தோடு சேர்த்துச் சூடாக்கி, மெத்தில் குளோரைடு வாயுவை அதன் மேல் விட்டு, நேரடியாக மூலப்பொருளை எடுத்துக் காட்டினார். 1943ல் டௌ கார்னிங் கம்பெனி தொடங்கியது. போர் விமானத்தின் மின்கம்பிகளில் ஈரம் புகாமல் அடைக்கப் போனது முதல் சரக்கு. 1969ல் நிலாவில் பதிந்த ஆம்ஸ்ட்ராங்கின் காலணி அடிப்பாகமும் சிலிக்கோன் ரப்பர்தான்.

மனுச முகத்துக்கு அது வந்தது 1960ல். பார்ன்ஹார்ட் என்ற அமெரிக்கர், இழந்த மூக்கு, காது செய்ய சிலிக்கோனைப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். 1962ல் ஹூஸ்டனில் முதல் சிலிக்கோன் மார்பக அறுவை. ஆக மூக்கு, காது, மார்பு, விரல், அப்புறம் முழுப் பொம்மை. அண்ணாச்சியின் விரலும் அந்தக் கலிபோர்னியாப் பொம்மையின் விரலும் ஒரே குடும்பத்தில் பிறந்த பிள்ளைகள். ஒண்ணு ஆஸ்பத்திரிக்குப் போச்சு, இன்னொண்ணு படுக்கையறைக்குப் போச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம நாட்டில் இந்த ரெண்டாவது பிள்ளைக்கு வரவேற்பு கிடையாது. ஆபாசப் பொருள் விற்பது முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 292ஆவது பிரிவிலும், 2024 ஜூலைக்குப் பிறகு பாரதிய நியாய சம்ஹிதா 294ஆவது பிரிவிலும் குற்றம். எது ஆபாசம் என்பதில் நீதிமன்றங்களும் சுங்கத்துறையும் இன்னும் இழுபறி. அதுக்குள்ளே நான் போகலை.

சிலிக்கோனில் எதுவும் ஒட்டாது. எங்க ஊர் அச்சகக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை: ஸ்டிக்கர் உரித்தால் அடியில் வழுவழுப்பா ஒரு தாள் மிஞ்சுமே, ஸ்டிக்கர் அதில் ஒட்டாமல் உரிந்து வருவதற்குக் காரணமே மேலே பூசியிருக்கும் சிலிக்கோன்தான். அப்படிப்பட்ட பொருளை சூப்பர் குளூ பிடிக்குமா? பிடிக்காது. ரப்பர் சொல்யூஷன் பிடிக்காது. பெயிண்ட்கூட நிற்காது. சிலிக்கோனை ஒட்ட சிலிக்கோன்தான்.

அதிலும் ஜாதி உண்டு. ஒரு வகை தகரம் சேர்த்து இறுகுவது. விலை கம்மி, அடம் பிடிக்காது, ஆனால் வருடங்கள் போனால் வலுவிழந்து சுலபமாகக் கிழியும். இன்னொரு வகை பிளாட்டினம் சேர்த்து இறுகுவது. ஜெனரல் எலக்ட்ரிக்கைச் சேர்ந்த புரூஸ் கார்ஸ்டெட் 1970களில் கண்டுபிடித்த பிளாட்டின வினையூக்கியை லட்சத்தில் சில பங்கு சேர்த்தால் போதும். உறுதி, பல வருடம் நிற்கும், உடம்புக்கும் ஆகும். ஆனால் ரொம்ப ரோஷக்காரன். தகரம் பக்கத்தில் இருந்தால் இறுகாது. ரியல்டால் 2009 ஜூனில் தகரத்திலிருந்து பிளாட்டினத்துக்கு மாறியது. அதனால் பழுது பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி 'எங்கே கிழிஞ்சிருக்கு' இல்லை, 'எந்த வருசத்துப் பொம்மை' என்பதுதான். 2009க்கு முந்தின பொம்மையில் பிளாட்டின சிலிக்கோனை ஊற்றினால் அது ஜென்மத்துக்கும் பிசுபிசுன்னே இருக்கும். (இப்போது சீனாவிலிருந்து வரும் மலிவுப் பொம்மைகள் பல டிபிஇ என்ற வேறு பிளாஸ்டிக். அதைச் சூடு காட்டி உருக்கி ஒட்டலாம். சிலிக்கோன் உருகாது.)

தகரத்தைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. கந்தகம்!

சிவகாசிக்காரன் இதைப் படிக்கும்போது எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. வெடியுப்பு, கரி, கந்தகம்: கருமருந்தின் மூணு கால். எடையில் சுமாரா 75, 15, 10. தீக்குச்சி மருந்திலும் கந்தகம். குளோரேட்டோடு கந்தகத்தைக் கலந்தால் உரசினாலே பற்றிக்கொள்ளும் என்பதால் அந்தக் கலவையில் பட்டாசு செய்வதை 1992ல் அரசாங்கம் தடை செய்தது. அண்ணாச்சி விரலை இழந்தது அதற்கு முன்னால். என்ன மருந்து என்று நான் அவரிடம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எங்க ஊரில் யாரும் அதைக் கேட்க மாட்டோம். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நாற்பது பேர் வரை செத்த அன்றைக்கு மறுநாள்கூட, டீக்கடையில் யார் யார் ஆஸ்பத்திரியில் என்றுதான் பேச்சு. என்ன மருந்து, எவ்வளவு சேர்த்தாங்க என்று யாரும் வாயைத் திறக்கலை.

பிளாட்டினத்தின் மேல் கந்தகம் போய் ஒட்டிக்கொண்டால் அது அப்புறம் வேலையே செய்யாது. பக்கத்தில் கந்தகம் கலந்த பொருள் பட்டாலே போதும், அந்த இடத்தில் சிலிக்கோன் இறுகாது.

நான் இதைப் படிச்சேன், புரிஞ்சுக்கிட்டேன், அப்புறமும் சொதப்பினேன். சென்னையிலிருந்து ரெண்டு பாட்டில் பிளாட்டின சிலிக்கோன், தோல் நிறச் சாயம் எல்லாம் வரவழைச்சு, கை சுத்தமா இருக்கணுமேன்னு மருந்துக் கடையில் வெள்ளைக் கையுறை வாங்கி மாட்டிக்கிட்டு, அண்ணாச்சி விரலை ஒட்டினேன். மறுநாள் காலை தொட்டால் விரலில் ஒட்டுது. அதுக்கு மறுநாளும் ஒட்டுது. மூணாம் நாள் அண்ணாச்சி வந்து பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம டீ குடிச்சிட்டுப் போனார். கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள்.

கையுறைதான் காரணம். அது ரப்பர் பால் கையுறை. ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்று 1839ல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்ததிலிருந்து சைக்கிள் டயர் முதல் ஜெய்ப்பூர் கால் வரைக்கும் கந்தகம் போட்ட ரப்பர்தான். (1960களின் கடைசியில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் சேத்தியும் சேர்ந்து செய்த அந்தக் கால், வயலில் இறங்கும், சம்மணம் போடும், செருப்பில்லாமல் நடக்கும். கந்தகத்தைத் திட்டும்போது இதையும் சொல்லணும்.) ரப்பரை வாழவைக்கிற கந்தகம் சிலிக்கோனைக் கெடுக்குது. பொம்மைக்காரர்கள் குறிப்பில் 'வினைல் கையுறை மட்டும்' என்று கொட்டை எழுத்தில் இருந்ததை நான் தாண்டிப் போயிருக்கேன்.

ரெண்டாவது தடவை. பிசுபிசுப்பை மரக்குச்சியால் சுரண்டி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் நாலைந்து தரம் துடைச்சேன். சூப்பர் குளூ பொருக்கு இருந்த ஓரத்தை ஒரு மயிரிழைக்கு பிளேடால் சீவி எடுத்தேன். புதுசா வெட்டின முகத்தில்தான் நல்லாப் பிடிக்கும். கிழிசல் எங்கே போய் முடியுதோ, அந்த நுனியில் சிரிஞ்ச் ஊசியின் வாயால் பொடிசா ஒரு வட்ட ஓட்டை. பார்க்கிறவங்களுக்கு 'கிழிசலை இன்னும் பெரிசாக்குறானே'ன்னு இருக்கும். ஆனால் கூர்மையா முடியும் கிழிசல்தான் இழுக்க இழுக்க மேலே ஏறும். வட்டமா முடிஞ்சால் இழுவை பரவி அங்கேயே நின்னுடும். உள்பக்கம் நைலான் காலுறையிலிருந்து வெட்டின மெல்லிசு வலை ஒரு துண்டு. பொம்மைக்காரர்கள் அக்குளிலும் தொடை இடுக்கிலும் இதைத்தான் வைக்கிறார்கள், எடையும் மடிப்பும் அதிகம் விழும் இடங்கள் அவை. அவர்களுக்கு விரல் நுனி இன்னொரு தலைவலி: உள்ளே இருக்கும் கம்பி குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். அண்ணாச்சி விரலில் கம்பி இல்லை, தப்பிச்சோம்.

அக்கினி நட்சத்திரம் வேறே. பிளாட்டின சிலிக்கோன் சூட்டில் சீக்கிரம் இறுகும். முதலில் கலந்தது கப்பிலேயே கட்டியாகிவிட்டது. பாட்டில் ரெண்டையும் ஃப்ரிட்ஜில் வெச்சு (வீட்டம்மா 'இது என்ன கண்றாவி'ன்னு கேட்டது தனி), விடிகாலை நாலரைக்கு எழுந்து கலந்தேன். பல் குத்தும் குச்சியால் அடியிலிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமா வெச்சு, வழிஞ்சதைத் துடைச்சு, அழுத்தாம லேசா நூல் சுத்திக் கட்டினேன். இறுக்கிக் கட்டினால் பசை எல்லாம் வெளியே வந்துடும். மேலே மினுமினுப்புப் போக முகப்பவுடர்.

ஒரு எச்சரிக்கை. ஹார்டுவேர் கடையில் கண்ணாடிக்கும் பாத்ரூமுக்கும் விற்கிற சிலிக்கோன் ட்யூபும் சிலிக்கோனைப் பிடிக்கும்தான், வினிகர் வாசம் அடிக்குமே அதுதான். ஆனால் சிலதில் பூஞ்சைக்கு எதிரா மருந்து கலந்திருப்பாங்க. தோலில் நாள் முழுக்கப் படுகிற பொருளுக்கு அது வேண்டாம்.

மத்தியானம் தொட்டுப் பார்த்தேன். ஒட்டலை. சாயங்காலம் அண்ணாச்சி மாட்டிப் பார்த்தார். மடக்க முடியாத விரலைச் சும்மா ஒரு தரம் மேசையில் தட்டினார். தையல் போட்ட இடம் மாதிரி ஒரு கோடு தெரிஞ்சது, நிறம் ஒரு பொட்டு கூடிப்போச்சு. மோதிரத்தை அந்தப் பக்கமா நகர்த்தி வெச்சுக்கிட்டார்.

கல்யாணத்தன்னிக்கு நான் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்த ஞாபகமே இல்லை. மகள் கையை எடுத்து மருமகன் கையில் வைக்கும்போது அந்த விரல் ரெண்டு பேர் கைக்கும் நடுவில் மாட்டி மடங்கின மாதிரி இருந்தது. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஒண்ணும் ஆகலை. சாப்பாட்டுப் பந்தியில் என்னைக் கையைப் பிடிச்சு உட்கார வெச்சு, 'ஏது தம்பி இந்த வித்தை, எங்கே படிச்சே'ன்னு கேட்டார். பக்கத்தில் சம்பந்தி. 'ஆஸ்பத்திரிக்காரங்க எழுதி வெச்சிருக்காங்க அண்ணாச்சி'ன்னு சொல்லிட்டு அப்பளத்தை உடைச்சேன்.

அது பொய். பல மாசமா உறுத்திக்கிட்டே இருந்தது. யாரோ ஒருத்தன், பேர்கூடச் சொல்ல முடியாத பொம்மையை வெச்சுக்கிட்டு, ராத்திரி உட்கார்ந்து ஓட்டை போடணும், வலை வைக்கணும், வினைல் கையுறை போடணும்னு எழுதி வெச்சதுதான் இங்கே வந்து ஒரு கல்யாணத்தில் நின்னது. அவனுக்கு அது தெரியவும் போறதில்லை.

போன மாசம் நடுவிரல் கிழிஞ்சு அண்ணாச்சி மறுபடி வந்தார். ஆள்காட்டி விரலின் ஒட்டு அப்படியே இருக்கு, ஓட்டை போட்ட இடத்தைத் தாண்டிக் கிழிசல் ஏறலை. அவரை உட்காரவெச்சு விஷயத்தைச் சொன்னேன். என்ன பொம்மை, யார் வெச்சிருப்பாங்க, எதுக்குன்னு பட்டும்படாம. கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் 'அதுக்கும் விரல் கிழியுமா'ன்னு கேட்டார். கிழியும் அண்ணாச்சி, உள்ளே கம்பி இருக்கு, குத்திடும்னேன்.

'ம்'முன்னார். மோதிரத்தைக் கழட்டி மேசை மேலே வெச்சார். 'அந்த வேற கையுறை இருக்கா, இல்லே வாங்கணுமா?'